சிஸ்டம் நல்ல நிலையில் உள்ளது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஷூ செய்வதைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள், கேட்டில் இருக்கும் கைரேகை மிஷின், கேமராக்கள், இவைதான் என் பொறுப்பு. ஸ்டோரில் மௌஸ் நகரவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்து, ஒயரைக் கழற்றி மாட்டி, "இப்ப பாருங்க" என்பேன். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். நான் பார்த்துவிட்டுச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் டிசைன் அறைக்குப் புது மென்பொருள் வாங்கினார்கள். ஷூவைத் திரையில் நாலா பக்கமும் திருப்பிக் காட்டும். அதற்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ரேம், அதாவது வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், பதினாறு ஜி.பி. வேண்டும். எங்களுடையவற்றில் இருந்தது எட்டு ஜி.பி.தான். புதிதாக வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் இப்போது என்ன இருக்கிறது, எத்தனை துண்டுகளாக இருக்கிறது, இன்னும் செருக இடம் இருக்கிறதா, எந்த வகை, எந்த வேகம் என்று பட்டியல் எடுத்துத் தரச் சொன்னார் மேனேஜர். வகை மாறினால் பொருந்தாது. வேலை நாளில் டிசைனர்களை எழுப்பிவிட்டு மூடியைத் திறக்க முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

பட்டியல் மட்டும் என்றால் ஆறு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். திரையிலேயே மொத்த அளவு தெரியும். இன்னொரு பக்கத்தைத் திறந்தால் எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது, எவ்வளவு வேகம் என்பதும் தெரியும். என்னைப் போன்றவர்களில் பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ரேம் தருவதாக இருந்த வேலூர் கடைக்காரர் போனில் ஒன்று சொல்லியிருந்தார். "பழசோட புதுசை சேர்க்கப் போறீங்க சார். மொதல்ல பழசை டெஸ்ட் பண்ணிடுங்க. அதுல கோளாறு இருந்தா அப்புறம் எங்க சரக்கு மேல பழி வரும்." அதற்காகவே ரேமைச் சோதிக்கும் மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். கட்டிங் ஹால் முழுக்க இருட்டாக இருந்தது. டிசைன் அறையில் மட்டும் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஆரம்பித்தேன். மூடியைத் திறந்து, தூசியை ஊதி, ரேமைக் கழற்றி, அதன் பல்வரிசையை அழி ரப்பரால் துடைத்து, ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து எழுதிக்கொண்டு, திரும்பச் செருகி, சோதனையை ஓடவிட்டேன். முதல் நான்கிலும் ஒன்றும் இல்லை. ஐந்தாவது, ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டர். இப்போது அதில் வேலை செய்வது ஒரு பெண். அதற்கு முன்னால் அது அண்ணனுடையது.

அவர் என் சொந்த அண்ணன் இல்லை. கம்பெனியில் எல்லோருக்குமே அவர் அண்ணன்தான். ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருவார். கிரேடிங் அவருடைய வேலை. ஒரு ஷூவை ஒரே அளவில்தான் டிசைன் செய்வார்கள். அதைச் சின்னக் காலுக்கும் பெரிய காலுக்கும் ஏற்றபடி குறைத்தும் கூட்டியும் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக வரைந்து கொடுப்பதுதான் கிரேடிங். அந்த வரைபடத்தை வைத்து ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு டை அடிப்பார்கள். அந்த டையை வைத்துத்தான் தோலை வெட்டுவார்கள். வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் டையிலும் தவறும், ஆயிரக்கணக்கான துண்டுகளிலும் தவறும். இருபத்து மூன்று வருடத்தில் அவர் கொடுத்த அளவு தவறியதில்லை என்பார்கள். அறையிலேயே மூத்தவர் என்பதால் பெரிய ஃபைல்கள் எல்லாம் அவருக்குத்தான் போகும்.

அவர் என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்.

"தம்பி, கொஞ்சம் வந்து பாருபா. சேவ் பண்ணிட்டு மறுபடி தொறந்தா ஏதோ மாறின மாதிரி இருக்குது."

"இன்னாணா மாறிச்சி?"

"அதான் புடிபடல. ஒரு மாதிரி இருக்குது."

முதல் முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். இரண்டாம் முறை வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். மூன்றாம் முறை எனக்கு வேறு இடத்தில் அவசர வேலை. அறையில் எல்லோரும் இருந்தார்கள். "கண்ணாடிய மாத்துங்கணா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

அடுத்த சில மாதங்களில் பெண்களுக்கான பூட்ஸ் ஆர்டர் ஒன்று ஓடியது. ஒரே ஒரு அளவில், பக்கவாட்டுத் துண்டின் குதிகால் வளைவு நாலு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. டை அடித்து, தோல் வெட்டி, தையல் லைனுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தைக்கிற பெண்கள் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, "சேரவே மாட்டேங்குது சார்" என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் அந்த அளவுக்கான தோல் முழுவதும் வெட்டி முடிந்திருந்தது. அதே நிறத்தில் அதே தோல் மறுபடி கிடைக்கவில்லை. சரக்கு போய்ச் சேர வேண்டிய நாளுக்குப் போகவில்லை.

விசாரணை வைத்தார்கள். ஹெச்.ஆர். அறையில் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அண்ணன். நான் உள்ளே போகும்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த வளைவை நான் தொடவே இல்ல சார். செக் பண்ணித்தான் அனுப்பினேன்."

மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார். "சிஸ்டத்துல ஏதாவது பிராப்ளம் இருக்க சான்ஸ் இருக்கா?"

"பார்த்துட்டு வர்றேன் சார்" என்று போனேன். திரையில் ரேம் எட்டு ஜி.பி. காட்டியது. ஹார்ட் டிஸ்க்கில் கோளாறு இல்லை. வைரஸ் இல்லை. மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து, "கம்ப்யூட்டர் அதுவா தப்பு பண்ணாது சார். நாம போட்டதத்தான் காட்டும்" என்றேன். அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வெள்ளைத் தாளில், சிஸ்டம் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே அவரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள். டிசைன் அறையில் எல்லோரிடமும் கை கொடுத்துவிட்டுப் போனார். எனக்கும் கொடுத்தார்.

அந்த ஜன்னலோரக் கம்ப்யூட்டரில்தான் இப்போது சோதனை ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆறாவதன் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது திரையின் கீழ்ப் பாதியில் சிவப்பு வரிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வரியும், இந்த இடத்தில் இந்த எண்ணை எழுதினேன், திரும்பப் படித்தால் வேறு எண் வருகிறது என்று சொல்லும் வரி. முதலில் நான் சரியாகச் செருகவில்லை என்று நினைத்தேன். கழற்றி, துடைத்து, மறுபடி செருகி ஓடவிட்டேன். மறுபடி சிவப்பு. இரண்டு துண்டுகளையும் இடம் மாற்றிப் போட்டேன். ஒரு துண்டை மட்டும் எடுத்துப்போய் முதல் கம்ப்யூட்டரில் செருகினேன். சிவப்பு அந்தத் துண்டோடு கூடவே போனது.

கோளாறு அந்தத் துண்டின் கடைசிப் பகுதியில் மட்டும் இருந்தது. சின்ன வேலை செய்பவர்களுக்கு ரேம் அதுவரை நிரம்பாது. பெரிய ஃபைலைத் திறந்து, பல அளவுகளை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தால்தான் அந்த இடம் வரை போகும். அப்போதும் எல்லா முறையும் தவறாது. அறையிலேயே அப்படி வேலை செய்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு செய்ததை நான் விசாரணை நாளிலேயே செய்திருக்க வேண்டும். சர்வரில் பேக்கப் இருந்தது. அந்தப் பூட்ஸ் ஃபைலின் முந்தின சேமிப்பையும் கடைசிச் சேமிப்பையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அந்த வளைவில் ஒரே ஒரு புள்ளி, ஒரே ஒரு எண், மாறியிருந்தது. மனிதன் கை தவறி இழுத்தால் பக்கத்துப் புள்ளிகளும் கொஞ்சம் நகரும், அந்த மென்பொருள் அப்படி. இங்கே சுற்றிலும் எல்லாம் இம்மி பிசகாமல் இருக்க, அது மட்டும் தனியாக நகர்ந்திருந்தது. இதைப் பார்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "இன்னா சார், டீ சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் போன பிறகும் அந்த ரேம் துண்டு என் கையிலேயே இருந்தது. எடையே இல்லாத பொருள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அண்ணனின் முகம் வரவில்லை. கண்ணாடியை மாற்றச் சொல்லி நான் சிரித்ததுதான் திரும்பத் திரும்ப வந்தது.

திங்கள்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அச்சடித்த தாள்களைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த ரேமை மாத்திட்டியா?"

"எடுத்துட்டேன் சார்."

"அவ்ளோதான். வேற இன்னா?"

"அவர் மேல தப்பில்ல சார்."

"சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு ரிப்போர்ட் போயாச்சு. ஆள் பண்ண தப்பு, ஆளை மாத்திட்டோம்னு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப போய், இல்ல, எங்க மிஷின் தப்புன்னு சொன்னா, இதுக்கு முன்னாடி அனுப்பின சரக்கெல்லாம் சந்தேகப்படுவான்." தாள்களை என் பக்கம் தள்ளினார். "அது மட்டும் இல்ல. சிஸ்டம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

அவர் மிரட்டினார் என்று சொல்ல முடியாது. நடந்ததைத்தான் கேட்டார். என் பெண் அப்போதுதான் புதுப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். வீட்டில் இந்தக் கதையைச் சொல்லவில்லை. மனைவி, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். வேலை ஜாஸ்தி என்றேன். பத்தொன்பது நாள் அப்படியே போனது. எண்ணிக்கொண்டிருந்ததால் தெரியும். புது ரேம் வந்தது, ஆறு கம்ப்யூட்டரிலும் மாட்டினேன், ஒவ்வொன்றையும் முழுதாகச் சோதித்தேன். ஷூ திரையில் அழகாகத் திரும்பியது. எல்லோரும் பாராட்டினார்கள்.

இருபதாவது நாள் லீவு போட்டுவிட்டு ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். கம்பெனி ஆண்டு விழாவில் என்னைப் பார்த்திருக்கிறார். அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடி வைத்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "வாபா, வா" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன். மகளின் கைக்குழந்தை தரையில் விரித்த துணியில் கிடந்தது. அழுதது. அவர் பக்கத்தில்தான் இருந்தது. அவர் தொடவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"தூக்க மாட்டாரு" என்றார் அவர் மனைவி, குழந்தையை எடுத்துக்கொண்டே. "கை தவறிடும்னு பயம்."

அவர் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. வேலை போனதும் அண்ணன் வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்டியிருக்கிறார். கண்ணில் கோளாறில்லை என்றார்கள். தலையை ஸ்கேன் எடுத்திருக்கிறார். அதிலும் ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் மோசமானார். கண்ணும் நல்லா இருக்கு, மூளையும் நல்லா இருக்கு, அப்ப நான்தானே பொறுப்பில்லாம இருந்திருக்கேன் என்பாராம். வாணியம்பாடியில் இரண்டு கம்பெனியில் கூப்பிட்டும் போகவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒரே நாள். நம்பர் மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று பயந்து மத்தியானமே வந்துவிட்டார். கேஸ் அடுப்பை அணைத்தால் நாலு தடவை போய்ப் பார்க்கிறார்.

நான் சொன்னேன். ரேம் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. சிவப்பு வரிகளைச் சொன்னேன், ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்ததைச் சொன்னேன், நான் அன்று பார்க்காமல் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். தாள்களைக் கட்டிலில் பரப்பினேன். அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ இளகியது. அழப் போகிறார், திட்டப் போகிறார், இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"இல்லபா" என்றார். "அது நான் பண்ணதுதான்."

"இல்லணா. இதோ பாருங்க..."

"எனக்கு ஞாபகம் இருக்குதுபா. டீ வந்துச்சி. கிளாஸை வாங்கறப்ப கை மௌஸ் மேல பட்டுச்சி. அந்தப் புள்ளி நகர்ந்துச்சி. பார்த்தேன். அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்."

"விசாரணைல நான் தொடவே இல்லன்னு சொன்னீங்களேணா."

"பயத்துல சொன்னேன்."

நான் கடைசித் தாளை எடுத்துக் காட்டினேன். "இதுல நேரம் இருக்குணா. ஃபைல் மாறினது பன்னெண்டேகாலுக்கு. நம்ம கம்பெனில டீ பத்தரைக்கு வந்துடும்."

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப ரெண்டாவது டீயா இருக்கும்" என்றார்.

இரண்டாவது டீ நாலு மணிக்குத்தான் வரும். இருபத்து மூன்று வருடம் அதைக் குடித்தவருக்கு அது தெரியும். அவர் என் தோளில் கை வைத்து, "நீ நல்ல புள்ளபா. எனக்கு மனசு ஆறணும்னு இவ்ளோ தூரம் வந்திருக்க. நான் பேஜார் எல்லாம் படல. தப்பு பண்ணா ஒத்துக்கணும்" என்றார். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஓரம் சரிபார்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கிளம்பும்போது அவர் மனைவி தெருமுனை வரை கூட வந்தார்.

"அவர் நம்ப மாட்டாரு தம்பி. ஆனா நான் நம்பறேன். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? அன்னைக்கு எழுதிக் குடுத்தீங்க இல்ல, அதே மாதிரி இதையும் எழுதிக் குடுங்க. என் மருமகன் வீட்டுல காட்டணும். அவங்க இவர பார்க்கற பார்வையே சரியில்ல."

"கம்பெனி சீல் இருக்காதுக்கா."

"உங்க கையெழுத்து இருக்கட்டும். அன்னைக்கு அதுதானே போதுமா இருந்துச்சி?"

பக்கத்துக் கடையில் ஒரு கோடு போட்ட தாள் வாங்கி, கடைப் பலகையின் மேல் வைத்தே எழுதினேன். அவர் வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தார். ஒரு எழுத்துப் பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னார். திருத்தினேன். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன். அவரைத் தவறாக நீக்கிவிட்டோம், காரணம் இது, என் பங்கு இது என்று எழுதினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். ஹெச்.ஆரில் இருந்து ஒருவர் வந்து, என் மேஜை ஓரத்தில் நின்று, மெதுவாக, "வேணாம் சார், விட்டுடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். மூன்றாவது மெயிலை எழுதினேன், அனுப்பவில்லை. அது இன்னும் டிராஃப்டில் இருக்கிறது. வேலையை விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். விடவில்லை. விடாததற்கு நான் சொல்லும் காரணங்கள் எல்லாம் நியாயமானவை. யாரிடம் சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. நான் எழுந்து வெளியே, லாரிகள் நிற்கும் பக்கம் போய்ப் பேசினேன்.

"தம்பி, நீங்க இனிமே வராதீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து மறுபடியும் அதையே யோசிக்கறாரு. அதுக்கு முன்னாடி ஏதோ கொஞ்சம் அடங்கி இருந்தாரு. இப்ப உக்காந்துக்கினு, டீ எப்ப வந்துச்சி, டீ எப்ப வந்துச்சின்னு கேட்டுக்கினே இருக்காரு. சாப்பிட மாட்டேங்கறாரு."

"டாக்டர் யாரையாவது பார்க்கலாமாக்கா? நான் கூட வர்றேன்."

"வேணாம் தம்பி. பார்த்துக்கினுதான் இருக்கோம்." பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "அந்தத் தாளை மருமகன்கிட்ட காட்டினேன். கம்பெனிக்காரன் எழுதினதா, எவனோ எழுதினதான்னு கேட்டாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

லாரியில் ஷூ பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நகரச் சொன்னார்கள், நகர்ந்தேன். மேலே டிசைன் அறையில் இருந்து, ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் இப்போது வேலை செய்யும் அந்தப் பெண் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம். போனேன்.